நலமன்றத்தின் இருபத்துநான்கு வார்த்தைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் நலமன்றம் என்று ஓர் அமைப்பு இருந்தது. பதினோரு வருடமாக அது தொழிலாளர்களின் நலனைப் பாதுகாத்து வந்தது. எந்த அளவுக்குப் பாதுகாத்தது என்றால், அந்த நலன் இதுவரை ஒரு தொழிலாளியின் கைக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

மன்றத்துக்குப் பன்னிரண்டு பேர் கொண்ட செயற்குழு. அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் திலகவதி. தரப் பரிசோதனைப் பிரிவில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. செயற்குழுவில் வேலை வேறு. வருகிற விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்க வேண்டும். பொன்னாடையை மடிப்புக் கலையாமல் தட்டில் ஏந்தி நிற்க வேண்டும். அவள் ஏதாவது சொன்னால், தீர்மானப் புத்தகத்தில் ‘மகளிர் உறுப்பினரின் கருத்தும் கேட்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்வார்கள். என்ன கருத்து என்று எழுதும் வழக்கமில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: தொழிற்சாலைக்குள் ஒரு குழந்தைக் காப்பகம். மகள் இதழினிக்கு இரண்டு வயது. திருவள்ளூர் தேரடிக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் முத்தம்மா அக்கா இருந்தாள். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அவளுடைய மகன் ஓசூரில் வீடு பார்த்துவிட்டான்; ஆவணி பிறந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறான். திலகவதியின் கணவன் அன்புராஜ் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடையில் விற்பனையாளன். காலை மின்சார ரயிலில் ஏறினால் இரவு பத்துக்குத்தான் வீடு. ஆவணி முதல் திங்கட்கிழமைக்குள் காப்பகம் வராவிட்டால் திலகவதி வேலையை விட வேண்டும். அவளைப் போலவே கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் இன்னும் எட்டுப் பேர். நிர்வாகத்துக்கு நான்கு மனு போயிற்று. காலி அறை இல்லை என்று நான்கு பதில் வந்தது.

இந்த நேரத்தில்தான் கொரியப் பொறியாளர் மிஸ்டர் யூன் ஊருக்குத் திரும்பினார். மூன்று வருடம் இங்கே இயந்திரங்களைப் பூட்டியவர். கேன்டீனில் திலகவதி ஒரு காதில் போனை வைத்து மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டே மோர்சாதம் சாப்பிடுவதை அவர் பார்த்திருக்கிறார். அவருக்கும் சியோலில் ஒரு மகள் இருந்தாள். பிரிவு உபசார விழாவில், காப்பகம் கட்டத் தன்னிடமிருக்கும் பிட்காயின் என்ற இணையப் பணத்தில் பாதியைத் தருவதாகச் சொல்லிவிட்டு, முத்திரை ஒட்டிய சின்னப் பெட்டி ஒன்றைத் திலகவதியின் கையில் வைத்தார். தலைவர் மதிவாணன் முறைப்படி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அது ஹார்ட்வேர் வாலட். விரல் நீளத்தில் ஒரு கருவி. நெற்றிப்பொட்டு அகலத்தில் ஒரு திரை. பிட்காயினைத் திறக்கும் சாவி அதற்குள் இருக்கும். கூடவே நான்கு பக்கக் கையேடு. முதலில் எட்டு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் வைக்க வேண்டும். பிறகு கருவி இருபத்துநான்கு ஆங்கில வார்த்தைகளைக் காட்டும். அவற்றை வரிசை மாறாமல் எழுதி, யார் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டும். ரகசிய எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அப்போது அந்த இருபத்துநான்கு வார்த்தைகளையும் அதே வரிசையில் போட்டால் எல்லாம் திரும்ப வரும். கருவியைத் தயார்செய்து அதன் முகவரியை அனுப்புங்கள், நான் அங்கிருந்தே அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு யூன் விமானம் ஏறினார்.

கையேட்டை முழுதாகப் படித்தவள் திலகவதி ஒருத்திதான். கம்பெனி பஸ் பெரியபாளையம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டாள்.

பெட்டியின் முத்திரையை உடைக்க ஒரு விழா நடந்தது. கருவிக்குச் சந்தனம் வைத்தார்கள். அது சார்ஜ் ஏற்றும் துளைக்குள் இறங்கிவிட்டது. குங்குமம் வைக்கத் திரையைத் தவிர இடமில்லாததால் திரையிலேயே வைத்தார்கள். பிறகு தலைவர் பேசினார்.

“தோழர்களே, ரகசியம் காக்கறது நம்ம மன்றத்துக்குப் புதுசு இல்ல. பதினோரு வருஷமா நம்ம வரவு செலவு யாருக்காவது தெரியுமா? தெரியாது. தலைவர் எனக்கே தெரியாது. இப்படிப்பட்ட ஒரு மன்றம்னு தெரிஞ்சுதான் கொரியாக்காரர் இந்தப் பொறுப்பை நம்மகிட்ட ஒப்படைச்சிருக்கார்.”

கைதட்டல் எழுந்தது. பொருளாளர் சந்திரமோகன் மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகத் தட்டினார்.

ரகசிய எண்ணை ஒருவரே வைத்தால் மற்றவருக்குச் சந்தேகம் வரும். ஆகவே முதல் நான்கு இலக்கத்தைத் தலைவர் வைப்பது, அடுத்த நான்கைப் பொருளாளர் வைப்பது, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. தலைவர் அழுத்தும்போது பொருளாளர் சுவரைப் பார்த்து நின்றார். பொருளாளர் அழுத்தும்போது தலைவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றுமில்லை என்பதை இருவரும் உறுதிசெய்தார்கள்.

வார்த்தைகளுக்கும் அதே நியாயம்தான். இருபத்துநான்கையும் ஒருவர் பார்ப்பது மன்றத்தின் ஒற்றுமைக்கு உகந்ததல்ல. பன்னிரண்டு பேரும் பணிமூப்பின்படி ஒவ்வொருவராகத் திரைச்சீலைக்குப் பின்னால் போய், ஆளுக்கு இரண்டு வார்த்தை பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எண் போட்டு எழுதி, உறையில் வைத்து அரக்கு முத்திரை போட வேண்டும். திலகவதி வாசலில் நின்று, எண்ணை மறக்காமல் போடும்படி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டாள். முதலில் போன தலைவர் வெளியே வந்தபோது முகம் இருண்டிருந்தது. பொருளாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஜோசப், கருவிக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்று தமக்குள் முனகிக்கொண்டு போனார். கேன்டீன் கமிட்டி மோசஸ் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கடைசியாகப் போன திலகவதிக்கு இரண்டு சாதாரண வார்த்தைகள் வந்தன: ஜன்னல், உலகம்.

எல்லாம் முடிந்தது, முகவரியும் யூனுக்குப் போயிற்று. நான்காம் நாள் யூன் சொன்ன பிட்காயின் வந்து இறங்கியதைப் பொருளாளரின் மடிக்கணினி காட்டியது. இனி திறந்து எடுத்துக் காப்பகம் கட்ட வேண்டியதுதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, கருவி தலைமைப் பதவியை அவமதித்துவிட்டது என்றார். என்ன வார்த்தை என்று சொல்ல மறுத்தார். அது ரகசியம். பொருளாளரும் எழுந்து, தம் நேர்மையைச் சந்தேகிக்கும் வகையில் ஒரு வார்த்தை தமக்கு வழங்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். அதுவும் ரகசியம். ஜோசப், மோசஸ் என்று வரிசையாகப் பலருக்கும் மனக்குறை இருந்தது. நல்ல வார்த்தைகளை மூத்தவர்களுக்கு மாற்றிக்கொடுக்கும்படி கருவிக்கு எழுதலாமா என்று ஒருவர் கேட்டார்.

திலகவதி எழுந்தாள். “சார், அது மிஷின் குலுக்கிப் போட்ட வார்த்தை. ஆளுக்கும் வார்த்தைக்கும் சம்பந்தமே இல்ல. வரிசைதான் முக்கியம். அத்த மட்டும் தொடாம விட்டுடுங்க.”

மகளிர் உறுப்பினரின் கருத்தும் கேட்கப்பட்டது.

அதற்கடுத்த கூட்டத்தில் பிரச்சினையைத் தீர்த்தவர் அப்பாவு. திருவள்ளூரில் ஒரு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பழைய கோப்புகளுக்குக் காவலாக இருந்து ஓய்வுபெற்றவர். மன்றம் அவரைக் கௌரவ ஆவணக் காப்பாளராக வைத்திருந்தது. உறைகளை என்னிடம் கொடுங்கள், எவர் மனமும் நோகாதபடி செய்து தருகிறேன் என்றார். கொடுத்தார்கள். அன்று திலகவதிக்கு இரண்டாம் ஷிஃப்ட். கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை.

மன்றத்தின் சொத்தான கருவிக்கு ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும் என்று மன்றம் நிர்வாகத்துக்கு எழுதியது. சொத்து என்ற சொல்லைப் பார்த்ததும் நிர்வாகம் ஒரே வாரத்தில் அறை கொடுத்தது. ஏசி போட்டார்கள். ஜன்னலுக்குக் கம்பி வைத்தார்கள். கை தவறிக் கருவி கீழே விழுந்தால் அடிபடக் கூடாது என்று தரை முழுக்க நுரை மெத்தை விரித்தார்கள். தூசு ஆகாது என்று தினம் இரண்டு வேளை துடைக்க ஏற்பாடு. இரண்டு கேமரா. காவலுக்குப் புவனேஸ்வரி என்ற பெண்ணைப் போட்டு, நாற்காலியும் குடிதண்ணீர்க் கேனும் கொடுத்தார்கள். கருவியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உயரத்தில் வைத்தார்கள். பதினைந்துக்கு இருபது அடி அறையில் அது மட்டும் இருந்தது. அறை வெப்பநிலை இருபத்தாறுக்கு மேல் போனால் புவனேஸ்வரி தலைவருக்குப் போன் செய்ய வேண்டும்.

அறை தயாரான அன்று இரவு சாப்பிடும்போது திலகவதி இதையெல்லாம் அன்புராஜிடம் சொன்னாள். அவன் தட்டில் கையை வைத்தபடியே சிரித்தான்.

“நம்ம ஊட்ல ஏசி கீதா? அந்த டப்பாவுக்குக் கீது. அத்தப் பாத்துக்க ஒரு ஆளு வேற. பேசாம நம்ம பாப்பாவையும் பிட்காயின்னு எழுதிக் குடுத்துடு, திலகா.”

“சிரிக்காதீங்க. இன்னும் பத்தொன்பது நாளுதான் கீது.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். முத்தம்மா அக்கா போன பிறகு தானே ஆறு மாதம் கடையிலிருந்து நின்றுகொள்ளட்டுமா என்று கேட்டான். நிஜமாகத்தான் கேட்டான். கடன் வாங்கி ரயில் பாஸ் எடுத்த காலத்திலும் இப்படித்தான், சாம்பாரைப் பிசைந்துகொண்டே பெரிய பெரிய விஷயங்களைச் சாதாரணமாகச் சொல்லுவான். அதெல்லாம் வேண்டாம், வரும் சனிக்கிழமை கருவியைத் திறக்கிறார்கள், காப்பகம் வந்துவிடும் என்றாள். சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை வந்தது.

சனிக்கிழமை பந்தல் போட்டு விழா நடந்தது. கையேட்டில் ‘மூன்று வாய்ப்புகள்’ என்று இருப்பதை யாரோ தலைவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள். அது எச்சரிக்கை என்று அவருக்குத் தோன்றவில்லை. மரியாதை என்று தோன்றியது. மூன்று வாய்ப்பு என்றால் மூன்று பேரைக் கௌரவிக்கலாம். அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்கள்: முதல் வாய்ப்பு சிறப்பு விருந்தினர், மனிதவளத் துறை மேலாளர். இரண்டாம் வாய்ப்பு வயதில் மூத்த உறுப்பினர் ஜோசப். மூன்றாம் வாய்ப்பு தலைவரும் பொருளாளரும்.

மேடையில் பொன்னாடைத் தட்டுடன் நின்ற திலகவதி, தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலைவரிடம் குனிந்தாள்.

“சார், எண் தெரிஞ்சவங்கதான் போடணும். மூணும் தப்பாச்சுன்னா எல்லாம் அழிஞ்சுடும்.”

“தெரியும்மா. மூணாவது நாங்கதானே போடறோம். சரியாப் போடுவோம்” என்றார் தலைவர். “மேனேஜரை மேடைக்குக் கூப்ட்டுட்டு நீங்க போடாதீங்கன்னு சொல்ல முடியுமா? அவர்தானே ஏசி குடுத்தாரு. நீ தட்டை எடு.”

மேலாளர் எழுந்து, தம் திருமண நாளை எட்டு இலக்கத்தில் அழுத்தினார். கைதட்டினார்கள். தவறு என்று திரை சொன்னது. அதைச் சிறப்பு விருந்தினர் பார்க்காதபடி சந்திரமோகன் கையால் மறைத்தார். அடுத்து ஜோசப், தாம் வேலையில் சேர்ந்த தேதியை அழுத்தினார். அதற்கும் பொன்னாடை.

மூன்றாவதாகத் தலைவரும் பொருளாளரும் கருவியின் முன் வந்தார்கள். எண்ணை வைத்த அன்று யாரும் பார்க்கவில்லை, தலைவர் முந்திக்கொண்டார். இன்று எதிரே முந்நூறு பேர். தலைவர் பெருந்தன்மையுடன் ஒரு அடி பின்வாங்கி, நீங்கள் முதலில் போடுங்கள் என்றார். பொருளாளர் பதறி, தலைவர் இருக்கும்போது நானா என்றார். இவர் கையை அவர் பிடித்து இழுக்க, அவர் தோளை இவர் தள்ள, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மன்றத்தில் இத்தனை பண்பாடா என்று கண் கலங்கியது. கடைசியில் தலைவரின் பண்பாடு வென்றது. பொருளாளர் தம் நான்கு இலக்கத்தை முதலில் போட்டார். தலைவர் தம் நான்கைப் பிறகு போட்டார்.

திரை ஒரு நொடி இருண்டது. பிறகு ‘நல்வரவு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். “பாருங்க தோழர்களே. கருவியே நம்மள வரவேற்குது.”

பட்டாசு வெடித்தார்கள். பந்தலில் கேசரி பரிமாறினார்கள். அந்த நல்வரவு, புதிதாகப் பெட்டியைத் திறப்பவர்களுக்குக் கருவி சொல்லும் முதல் வார்த்தை என்று தெரிந்தவள் அங்கே ஒருத்திதான் இருந்தாள். அவள் கையில் மூன்று காலித் தட்டு இருந்தது.

திலகவதி நேராக அப்பாவுவின் அறைக்குப் போனாள். வார்த்தைகள் இருந்தால் போதும், எதுவும் கெட்டுப்போகவில்லை. அப்பாவு நிதானமாகப் பீரோவைத் திறந்து, உறைபோட்ட பைண்டு நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மணியான கையெழுத்து. சிவப்பு மையில் கோடு. இருபத்துநான்கு வார்த்தைகளும் ஆங்கில அகரவரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

“சார், துண்டுக் காகிதத்துல நம்பர் இருந்துச்சே.”

“இருந்துச்சும்மா. வெளி ஆளுங்க போட்ட நம்பரை ரெக்கார்டு செக்‌ஷன் ஏத்துக்கறதில்ல. நம்பர் நாமதான் போடணும். யாரு பெருசு யாரு சின்னதுன்னு சண்டை வரக் கூடாதுன்னு அகரவரிசையில அடுக்கிட்டேன்.”

“அந்தத் துண்டுங்க எங்க சார்?”

“சுத்த நகல் எடுத்தப்புறம் வரைவை எரிச்சுடணும். விதி. தலைவர் முன்னாடிதான் எரிச்சேன்.”

“எந்த உறையில இன்னா இருந்துச்சுன்னு உங்களுக்காவது ஞாபகம் கீதா?”

அப்பாவு புண்பட்டார். “முப்பத்தோரு வருஷ சர்வீஸும்மா. நான் எதையும் படிச்சதில்ல, அடுக்கறதோட சரி. நான் வச்ச ஃபைலை ஒருத்தனும் திரும்ப எடுத்ததில்ல. நானே தேடி எடுத்ததில்ல. போய்க் கேட்டுப் பாரு.”

அவள் பட்டியலைப் படித்தாள். படிக்கப் படிக்க விஷயம் விளங்கியது. கழுதை இருந்தது. குற்றம் இருந்தது. சோம்பேறி இருந்தது. குப்பை இருந்தது. அசிங்கம் இருந்தது. மற்றவை பூண்டு, நாற்காலி, ஏணி என்று யாருக்கும் கெடுதல் செய்யாதவை.

மனம் உடைந்துபோனாலும் வழி இருந்தது. உள்ளே போனது பணிமூப்பு வரிசையில். ஒவ்வொருவரும் தம் இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும், வரிசை திரும்பிவிடும். திங்கட்கிழமை கேன்டீனில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். ஏணிக்காரர் உடனே சொன்னார். பூண்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். புதன்கிழமைக்குள் அவளையும் சேர்த்து ஏழு பேருடைய வார்த்தைகள் கிடைத்துவிட்டன. மீதி ஐந்து பேரிடமிருந்து உண்மை வரவில்லை. தமக்கு வந்தது சிங்கம் என்று தலைவர் சொன்னார். பட்டியலில் சிங்கமே இல்லை என்றதும், அப்பாவு விட்டிருப்பார் என்றார். பொருளாளருக்குத் தங்கம் வந்ததாம். அதுவும் பட்டியலில் இல்லை. ஜோசப்புக்கு உழைப்பு. சோம்பேறி யாருடையது என்று கேட்டபோது, மூன்றாவது ஷிஃப்டில் யாராவது இருக்கும் என்றார். மோசஸ் அன்று விடுப்பு.

ஐந்து பேருக்குப் பத்து வார்த்தை. பத்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம் வரிசை வரும் என்று அவள் கால்குலேட்டரில் கணக்குப் போட்டாள். ஒன்றைப் போட்டுப் பார்க்கக் கால் மணி நேரம். ஆவணி பிறக்கப் பத்து நாள்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. இவர்களிடம் உண்மையைக் கேட்டு வாங்க முடியாது. ஆனால் பொன்னாடைக்கு இவர்கள் எதையும் கொடுப்பார்கள். வியாழக்கிழமை செயற்குழுவில் எழுந்து, இருபத்துநான்கில் மிக முக்கியமான வார்த்தை முதல் வார்த்தைதான், அதுதான் வாலட்டையே தாங்குகிறது, அது கழுதை என்று நினைக்கிறேன், அதற்கு உரியவருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்து நுழைவாயில் பலகையில் பெயர் எழுதலாமே என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக மகளிர் உறுப்பினரின் கருத்து என்னவென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்.

தலைவர் கனைத்துக்கொண்டு எழுந்தார். அடக்கம் காரணமாக இத்தனை நாள் மௌனமாக இருந்ததாகச் சொன்னார். “எத்தனையோ பேர் இந்த மன்றத்துக்கு உழைச்சிருக்கலாம். ஆனா இந்த மன்றத்தோட முதல் கழுதை நான்தான். இதை யாரும் மறுக்க முடியாது.”

திலகவதி மனதுக்குள் குறித்துக்கொண்டாள். ஒன்று கிடைத்துவிட்டது, இன்னும் நான்கு.

ஜோசப் எழுந்தார். “மறுக்கறேன். நீங்க தலைவரா வர்றதுக்கு முன்னாலியே நான் கீறேன். உண்மையான கழுதை நான்தான். அன்னைக்கே சொல்லலாம்னு பாத்தேன்.”

பொருளாளர், தலைவரும் தாமும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்பதால் கழுதையைச் சமமாகப் பகிர வேண்டும் என்றார். மோசஸ், பெரியவர்களே எல்லாக் கழுதையையும் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் எப்போது கழுதையாவது என்று கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. ஏணிக்காரர் தயங்கித் தயங்கி எழுந்து, அவசரத்தில் தவறாகச் சொல்லிவிட்டதாகவும், தமக்கு வந்தது ஏணி அல்ல என்றும் திருத்தம் கொடுத்தார். பூண்டு போயிற்று. நாற்காலி போயிற்று. அரை மணி நேரத்தில் பதினொரு பேரும் கழுதைக்கு உரிமை கோரியிருந்தார்கள். செயற்குழுவில் கழுதையாக இல்லாதவள் திலகவதி ஒருத்திதான். நம்பும்படியாக அவளிடம் ஜன்னலும் உலகமும் மட்டும் மிஞ்சின.

உண்மையான கழுதையைக் கண்டறிய அப்பாவு தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆறு மாதம் அவகாசம்; தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்.

ஆவணி பிறந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, முத்தம்மா அக்கா ஓசூருக்குக் கிளம்பினாள். ஆட்டோவில் ஏறும் வரை இதழினியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. இரவில் அன்புராஜ் ராஜினாமாக் கடிதத்துக்குக் காகிதம் எடுத்து வைத்தான். உனக்கா எனக்கா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திலகவதி போனை எடுத்து, அந்த எட்டுப் பெண்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை தேரடியில் கம்பெனி பஸ் நின்றபோது அவள் இடுப்பில் குழந்தை இருந்தது. கையில் துணி, பால் புட்டி, ஒரு டப்பா இட்லி. டிரைவர் ஆசீர்வாதம் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, பாப்பாவுக்கு ஐடி கார்டு கீதா?”

“போட்டோ எடுக்கக் குடுத்துக்கீது, அண்ணா.”

“அப்ப சரி. பின்னாடி உக்காராத, தூக்கித் தூக்கிப் போடும். முன்னாடி வா.”

தொழிற்சாலை வாயிலில் ஒன்பது குழந்தைகளையும் பார்த்துக் காவலர் திகைத்துப்போனார். குழந்தைகள் உள்ளே வரக் கூடாது என்று விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் எழுதாமல் எதையும் உள்ளே விடக் கூடாது என்ற விதி இருந்தது. திலகவதியே அவருக்கு வழி சொன்னாள். வெளியிலிருந்து அளவுக் கருவி கொண்டுவந்தால், மாலையில் திரும்ப எடுத்துப்போகும் பொருள் என்று ஒரு ரசீது போடுவார்களே, அதைப் போடுங்கள் அண்ணா என்றாள். அவருக்கு நிம்மதியாயிற்று. பொருள்: குழந்தை. எண்ணிக்கை: ஒன்று. நிறம்: மாநிறம். ஒன்பது ரசீது போட்டார்.

கருவி இருந்த பாதுகாப்பு அறையின் வாசலில் புவனேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக ஒரு விரல் நீளக் கருவியைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. எழுந்து கதவைத் திறந்துவிட்டு, ஏசியை இருபத்தேழில் வைத்தாள். நுரை மெத்தையில் இறக்கிவிட்டதும் இதழினி நான்கடி ஓடி, விழுந்து, வலிக்கவில்லை என்று தெரிந்ததும் வேண்டுமென்றே இன்னொரு முறை விழுந்தாள்.

பத்து மணிக்குக் கழுதை விசாரணையின் முதல் அமர்வு. அந்த அறையில்தான் நடப்பதாக இருந்தது. தலைவர் மதிவாணன், அப்பாவு, பொருளாளர் மூவரும் கோப்புகளோடு வந்தார்கள். கதவைத் திறந்த தலைவர் அப்படியே நின்றார். ஆறு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று கண்ணாடிப் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாரைக் கேட்டு என்று ஆரம்பிக்க அவர் வாயைத் திறந்தார்.

புவனேஸ்வரி உதட்டில் விரல் வைத்தாள். “மெதுவா பேசுங்க சார். இப்பதான் கண்ண மூடிச்சுங்க. செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க.”

பதினோரு வருடத்தில் தலைவரிடம் மெதுவாகப் பேசச் சொன்னவர் இல்லை. மெதுவாகப் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. இதழினி எழுந்து வந்து, தான் பாதி தின்ற பிஸ்கட்டை அவர் முன் நீட்டினாள். மேடையில் எதை நீட்டினாலும் வாங்கிப் பழகிய கை, தானாகவே அதை வாங்கிக்கொண்டது. பொன்னாடை இல்லை, மைக் இல்லை, கைதட்ட ஆளில்லை. அவர் பிஸ்கட்டோடு திரும்பி, காற்று மாதிரி ஒரு குரலில், விசாரணையை சைக்கிள் ஷெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அன்றிலிருந்து விசாரணை அங்கேதான் நடக்கிறது. கண்ணாடிப் பெட்டியைக் குழந்தைகள் எட்டிப் பிடித்துவிடும் என்று பயந்து, கருவியை அப்பாவுவின் பீரோவுக்கு மாற்றினார்கள். சியோலிலிருந்து யூன் ஒரு செய்தி அனுப்பினார்: பிட்காயின் அப்படியே இருப்பதை இங்கிருந்து பார்க்கிறேன், அதைத் தொடாமலேயே காப்பகம் நடத்துகிறீர்களாமே, உங்கள் சிக்கனத்தைப் பாராட்டுகிறேன். தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். மன்றத்தின் சொத்தை உலகத்தில் எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது என்று ஆண்டறிக்கையிலும் எழுதினார். நலமன்றத்தின் வரலாற்றில் முழு உண்மையாக அமைந்த ஆண்டறிக்கை அது ஒன்றுதான்.

முதல் நாள் மாலை நாலரை மணிக்குச் சங்கு ஊதியதும் திலகவதி கை கழுவிவிட்டு வாயிலுக்கு வந்தாள். தோளில் இதழினி. காவலர் ரசீதின் மறுபாதியை நீட்டினார். திரும்பப் பெறும் பொருளின் நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் வெளியே விட முடியாது என்றார். சரியாக இருக்கிறது, சேதமாகியிருக்கிறது என்ற இரண்டில் ஒன்றைத்தான் எல்லோரும் எழுதுவது வழக்கம்.

திலகவதி குழந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பேனாவை வாங்கி, ‘தூக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.